சார்ல்ஸ்டனுக்கு முதல் பயணம்: துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்த ஊர் சார்ல்ஸ்டன். 1670-ல் ஆங்கிலேயர்கள் முதலில் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறினார்கள். பத்து ஆண்டுகளில் இப்போதைய இடத்துக்கு மாறினார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னரின் பெயரால் சார்ல்ஸ் டவுன் என்று வழங்கிய ஊர், விடுதலைப் போர் முடிந்த 1783-ல் சார்ல்ஸ்டன் ஆயிற்று.

அட்லாண்டா, சார்லட், ராலே பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார இறுதிகளிலும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதும் இங்கே போவதுண்டு. பெரும்பாலோர் குதிரை வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றி, வண்ண வீடுகளின் முன் படம் எடுத்து, சந்தையில் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊர் அழகானதுதான், அந்த அழகை நானும் மனதார ரசிக்கிறேன். ஆனால் இதே இடங்களை வேறு வரிசையில் பார்த்தால் கண்ணில் படுவதே வேறாக இருக்கும். இங்குள்ள மாளிகைகளைக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி நெல்லிலிருந்து வந்தது. அந்த நெல்லை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். அவர்கள் கரையிறங்கிய துறையை முதலில் பாருங்கள், வீடுகளுக்குப் பிறகு வாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்துவது இந்த வரிசையைத்தான்.

குறைந்தது இரண்டு முழுப் பகல்கள் வேண்டும். மூன்று இருந்தால் ஊருக்கு வெளியே உள்ள தோட்டங்களையும் தீவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏற்றவை. வசந்தத்தில் அசேலியா பூக்கள் ஊரையே நிறைத்திருக்கும். அறை வாடகையும் அப்போதுதான் அதிகம். மே மாதக் கடைசியில் ஸ்போலேட்டோ கலைவிழா தொடங்குகிறது. 1977 முதல் நடந்துவரும் இந்த இசை, நாடக, நடன விழாவுக்காகவே போகிறவர்கள் உண்டு. விழாவில் நாட்டமில்லை என்றால் அந்த இரண்டரை வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும், புழுக்கம் அதற்கு மேல். சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றாலும், இது நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் இந்த ஊரைப் புரட்டிப்போட்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் போவதானால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

காரில் அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ 5 மணி நேரம், சார்லட்டிலிருந்து மூன்றரை மணி நேரம், சவானாவிலிருந்து 2 மணி நேரம். விமான நிலையமும் ஆம்ட்ராக் ரயில் நிலையமும் வடக்கு சார்ல்ஸ்டனில் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து பழைய ஊர் சுமார் 20 கிலோமீட்டர்.

செலவைப் பொருட்படுத்தாதவர்கள் பழைய ஊருக்குள்ளேயே தங்கலாம். காலை ஏழு மணிக்கு, கூட்டம் சேருவதற்கு முன், தெருவில் இறங்கி நடக்கலாம் என்பதுதான் அதன் உண்மையான பயன். குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கூப்பர் ஆற்றின் மறுகரையில் உள்ள மவுண்ட் பிளசன்ட் நல்ல நடுவழி. இன்னும் சிக்கனம் வேண்டுமானால் விமான நிலையத்தை ஒட்டிய விடுதிகள் இருக்கின்றன. விலையை ஒப்பிடும்போது ஊருக்குள் இருக்கும் ஓட்டல்கள் காருக்குத் தனியாக வாங்கும் தினசரிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஊருக்குள் கார் ஒரு சுமைதான். குடியிருப்புத் தெருக்களில் வெளியூர்க் கார்களுக்கு நேர வரம்பு உண்டு; கண்காணிப்பும் கடுமை. மீட்டிங் தெருவிலுள்ள பயணிகள் வரவேற்பு மையத்தை ஒட்டிய பல அடுக்குப் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிடுங்கள். அங்கிருந்து டாஷ் என்ற இலவசப் பஸ் பழைய ஊருக்குள் ஓடுகிறது.

கடல் ஏற்றத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

வெளியூர்க்காரர்கள் அநேகமாக யாரும் செய்யாத வேலை இது. பழைய ஊரின் பல பகுதிகள் ஒரு காலத்தில் ஓடைகளாகவும் சேற்று நிலமாகவும் இருந்தவை. அவற்றை மேடுறுத்தித் தெருக்கள் அமைத்தார்கள். இன்று கடல் மட்டம் உயர உயர, மழையே இல்லாத வெயில் நாளிலும் கடல் ஏறும் நேரத்தில் வடிகால் வழியாக உப்புநீர் தெருவுக்கு வந்துவிடுகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இது அடிக்கடி நடக்கும்.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. அதில் ஏற்றம் 7 அடியைத் தொடும் என்று இருந்தால் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நிற்கும் என்று பொருள். சந்தைத் தெருவும் அதில் அடங்கும். கூடவே கனமழையும் பெய்தால் பல சாலைகளை மூடிவிடுவார்கள். தேங்கிய நீருக்குள் காரை ஓட்டாதீர்கள். அது உப்புநீர், வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும். ஏற்றம் உச்சத்தைத் தொட்டு இரண்டு மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். அந்த நேரத்தை ஓர் அருங்காட்சியகத்துக்குள் கழிக்கும்படி திட்டமிடுவது நல்லது.

முதல் காலை: கேட்ஸ்டன் துறை

கூப்பர் ஆற்றங்கரையில், 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். டிக்கெட் குறிப்பிட்ட நேரத்துக்கு உரியது என்பதால் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை நம்பிப் போகாதீர்கள். இங்குள்ள பல காட்சியிடங்களுக்கு அன்று விடுமுறை.

வட அமெரிக்க நிலப்பரப்புக்குக் கடத்தி வரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாக வந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. 1808 ஜனவரி 1 முதல் அடிமை இறக்குமதிக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் கப்பல்கள் வெறிபிடித்தாற்போல் வந்து குவிந்தன. அந்தக் கடைசிக் கட்டத்தில் ஆட்களை இறக்கிய இடம் கேட்ஸ்டன் துறை. விலை ஏறட்டும் என்று வணிகர்கள் காத்திருந்தபோது, துறையிலிருந்த கிடங்குகளில் அடைபட்டுக் குளிரிலும் நோயிலும் பலர் செத்தார்கள்.

அந்த நிலத்தை மிதிக்கக் கூடாது என்ற எண்ணத்தில், கட்டடத்தைத் தரையில் ஊன்றாமல் 18 தூண்களின் மேல் 13 அடி உயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போவதற்கு முன் தூண்களுக்கு அடியில் இருக்கும் நினைவுத் தோட்டத்தில் நில்லுங்கள். ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பின் தரையில், கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி வைக்கப்பட்ட மனித உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நீர் வடியும்போது அவை தெரியும், ஏறும்போது மறையும். சிறு பிள்ளைகள் தண்ணீரைக் கண்டதும் விளையாட ஓடுவார்கள். என்ன இடம் என்று வரும் வழியிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே இரண்டரை மணி நேரமாவது வேண்டும். நமக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றக்கூடியது நெல்லைப் பற்றிய பகுதி. கரோலினாவின் தோட்ட முதலாளிகளுக்கு நெல் சாகுபடி தெரியாது. செனகல், காம்பியா, சியரா லியோன் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த மக்களுக்குத் தெரியும். அதனாலேயே அந்தப் பகுதிகளிலிருந்து வந்தவர்களை இங்கே அதிகம் விரும்பி வாங்கினார்கள். சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்புக் காடுகளை அவர்கள் கையால் அழித்து, மைல் கணக்கில் வரப்பு போட்டு, மர மதகுகள் வைத்தார்கள். கடல் ஏறும்போது ஆற்றின் மேல்மட்டத்து நன்னீரை மதகு வழியாக வயலுக்குள் ஏற்றி, கடல் இறங்கும்போது வடிக்கும் பாசன முறை இது. கணுக்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த வேலையின் கனம் விளக்காமலே புரியும்.

தெற்கே நடக்கத் தொடங்குங்கள்

அருங்காட்சியகத்திலிருந்து ஊரின் தென்முனை இரண்டரை கிலோமீட்டர் அளவுதான். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மெதுவாக நடங்கள்.

முதலில் வருவது நகரச் சந்தை, நான்கு தெருக்களுக்கு நீளும் கொட்டகைகள். இதை ‘அடிமைச் சந்தை’ என்று சிலர் தவறாகச் சொல்வார்கள். இங்கே விற்றது இறைச்சி, மீன், காய்கறிகள். மனிதர்களை விற்ற இடம் சற்றுத் தெற்கே, சாமர்ஸ் தெருவில் இருக்கும் பழைய அடிமை ஏலக்கூடம். திறந்தவெளியில் ஏலம் விடக் கூடாது என்று நகராட்சி தடை விதித்ததால் 1856-ல் அது தொடங்கப்பட்டது. விற்பனை நிற்கவில்லை, சுவருக்குள் போனது, அவ்வளவுதான். இன்று சிறிய அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சாமர்ஸ் தெருவின் உருளைக் கற்களைக் கவனியுங்கள். கப்பல்களில் எடைக்காக ஏற்றி வந்த கற்கள் அவை. பார்க்க அழகு, முதியவர்களின் முழங்காலுக்குத் தொல்லை. நடைபாதை வழியாகவே அழைத்துப் போங்கள்.

சந்தையில் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது சுவீட்கிராஸ் கூடை. வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிமைகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்கள், நறுமணப் புல்லையும் கோரையையும் பைன் ஊசி இலைகளையும் சுருள் சுருளாகச் சுற்றி, பால்மெட்டோ என்ற பனை வகை மரத்தின் ஓலைக் கீற்றால் தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கையோடு வந்த பின்னல் இது. இதன் பழைய வடிவம் அகலமான தட்டு. குத்திய நெல்லைப் போட்டு உமியைப் புடைத்தெடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். நம் வீட்டுச் சுளகு செய்யும் அதே வேலை. உள்ளங்கை அளவுக் கூடைக்கே பத்துக்கணக்கான டாலர்கள் கேட்பார்கள், பெரியவை நூற்றுக்கணக்கில் போகும். ஒரு பெரிய கூடைக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உழைப்பு தேவை; புல் கிடைக்கும் கடற்கரைகளும் வீட்டுமனைகளாகிவிட்டன. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். வாங்காவிட்டாலும், தைத்துக்கொண்டிருப்பவரை அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மீட்டிங் தெருவும் பிராட் தெருவும் சந்திக்கும் இடத்தை ‘சட்டத்தின் நான்கு மூலைகள்’ என்கிறார்கள். நகர மன்றம், மாவட்ட நீதிமன்றம், கூட்டரசின் நீதிமன்றமும் அஞ்சலகமும், நான்காவது மூலையில் புனித மைக்கேல் தேவாலயம். 1750-களில் கட்டத் தொடங்கிய அந்த வெள்ளைக் கோபுரம் ஊரின் பல பகுதிகளிலிருந்தும் தெரியும். பிராட் தெருவின் கிழக்கு முனையில் இருக்கும் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில்தான் 1788-ல் தென் கரோலினா அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் வெளிப்புறத்தில்தான் அடிமை ஏலங்களும் நடந்தன.

அங்கிருந்து கிழக்கு பே தெருவில் தெற்கே திரும்பினால் ரெயின்போ ரோ: இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று 13 வீடுகள். இந்த வண்ணங்கள் பழங்காலத்தவை அல்ல. 1930-களில் அந்த வரிசையில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி தன் வீட்டுக்கு இளஞ்சிவப்பு அடிக்க, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். வீடுகள் கிழக்கு பார்த்தவை. நல்ல படம் வேண்டுமானால் மறுநாள் காலை வெளிச்சத்தில் வாருங்கள். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் படிக்கட்டில் உட்காருவதும் கேட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

இன்னும் தெற்கே கடற்சுவரும் வெள்ளை முனைப் பூங்காவும். 1718-ல் கடற்கொள்ளையன் ஸ்டீட் பானெட்டை இங்கே தூக்கிலிட்டார்கள் என்றால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1862 மே 13 விடிவதற்கு முன், ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, வெள்ளையர் அதிகாரிகள் கரைக்குப் போயிருந்த நேரத்தில், உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களை எதிர்த்து நின்ற தென் மாநிலங்களின் படைக்குரிய ‘பிளான்டர்’ கப்பலைக் கிளப்பினார். வழியில் தன் மனைவியையும் பிள்ளைகளையும் மற்ற மாலுமிகளின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, அவரைப் போலவே நின்று, கோட்டைகளுக்குச் சரியான ஊதல் குறிகளைக் கொடுத்து, சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னாலேயே கடந்து, வெளியே காத்திருந்த வடக்கின் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். கடற்சுவரின் மேல் நின்றால் அவர் போன நீர்வழி முழுவதும் கண்ணுக்கு எட்டும்.

வீடுகளைப் பார்க்கும் முறை

நடக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டி நிற்கும் ஒற்றை அறை அகல வீடுகள். தெருவைப் பார்த்த கதவைத் திறந்தால் அறை இருக்காது. நீண்ட திண்ணைத் தாழ்வாரம்தான் இருக்கும். அந்தத் தாழ்வாரம் தெற்கையோ மேற்கையோ பார்த்திருக்கும், கடற்காற்று வீட்டுக்குள் புகுவதற்காக.

இரண்டாவது, சுவர்களில் வட்டமாகவோ நட்சத்திரமாகவோ தெரியும் இரும்புத் தகடுகள். 1886 ஆகஸ்ட் 31 இரவு ஏறத்தாழ 7 அளவிலான நிலநடுக்கம் ஊரை உலுக்கியது. விரிசல் கண்ட வீடுகளுக்குள் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே செலுத்தி இறுக்கிக் கட்டினார்கள்; அவற்றின் முனைகள்தான் இவை.

மூன்றாவது, பழைய செங்கற்களில் பதிந்த விரல் தடங்கள். காயாத கல்லைத் தூக்கித் திருப்பிய அடிமைகளின் கைகள், அவற்றில் பல சிறு பிள்ளைகளுடையவை. சுவர் ஓரமாக நின்று நிதானமாகத் தேடினால் கண்ணில் படும்.

இத்தனை பழைய கட்டடங்கள் எப்படித் தப்பின? உள்நாட்டுப் போருக்குப் பின் ஊர் ஏழையானது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழையவை நின்றன. பிறகு இடிக்க ஆள் வந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. 1931-ல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக ஒரு பழம்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த நகரம் இது.

இரண்டாம் நாள்: கோட்டை, பிறகு ஐக்கன்-ரெட் வீடு

காலைப் படகில் சம்டர் கோட்டைக்குப் போங்கள். அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே இருக்கும் லிபர்ட்டி சதுக்கத்திலிருந்தும், மறுகரையில் பேட்ரியட்ஸ் பாயின்டிலிருந்தும் படகுகள் உண்டு. போக அரை மணி, வர அரை மணி, தீவில் ஒரு மணி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1861 ஏப்ரல் 12 அதிகாலை, இந்தக் கோட்டையின் மீது பாய்ந்த குண்டுகளால் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. 34 மணி நேரத் தாக்குதலுக்குப் பின் தளபதி ராபர்ட் ஆண்டர்சன் கோட்டையைக் கைவிட்டார். மூன்றடுக்கு உயரம் இருந்த சுவர்கள் பின்னர் வடக்கின் குண்டுவீச்சில் இடிந்து, இன்று தாழ்ந்த சிதைவாக நிற்கின்றன. சுவரில் பதிந்த குண்டுகளை இன்றும் காணலாம். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். முதல் படகில் போனால் பெரும்பாலும் பூங்கா ஊழியர்களுடன் சேர்ந்து கொடியேற்றும் வாய்ப்பு பயணிகளுக்குக் கிடைக்கும்.

மாலையில் பல மாளிகைகளைப் பார்க்க ஓடாதீர்கள். ஒன்றே போதும், அது ஐக்கன்-ரெட் வீடாக இருக்கட்டும். மற்ற வீடுகளைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். இதை, கிடைத்த நிலையிலேயே சிதையாமல் காக்கிறார்கள்: உரிந்த சுவர்த்தாள், வெடித்த பூச்சு, மங்கிய கண்ணாடி. வீட்டுக்காரர் வில்லியம் ஐக்கன் மாநில ஆளுநராக இருந்தவர். ஜெஹோசி தீவில் இவருடைய நெல் தோட்டத்தில் 700 பேர் அளவில் அடிமைகள் இருந்தார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டி உங்களை முன்வாசலில் நிறுத்தாமல் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போகும். சமையற்கூடம், சலவைக்கூடம், அவற்றின் மாடியில் வேலைக்காரர்களாக வைத்திருந்த அடிமைகளின் அறைகள். முதல் நாள் துறையில் பார்த்தவர்கள் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு அந்த அறைகளே பதில்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கால்ஹூன் தெருவில், இம்மானுவேல் தேவாலயம். தெற்கில் உள்ள மிகப் பழைய கறுப்பின மெதடிஸ்ட் சபைகளில் ஒன்று. 1822-ல் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகத் தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசி என்ற தச்சர் இந்தச் சபையைச் சேர்ந்தவர். அதற்குப் பழிவாங்கும் வகையில் அன்றைய கோயிலைத் தரைமட்டமாக்கினார்கள். இப்போதுள்ள கட்டடம் 1891-ல் எழுந்தது. 2015 ஜூன் 17 அன்று வேதாகம வகுப்பில் அமர்ந்திருந்த 9 பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக்கொன்றது இங்கேதான். இது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். வாசலில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: தோட்டங்களும் தீவுகளும்

ஊரைச் சுற்றி மக்னோலியா, மிடில்டன் பிளேஸ், டிரேட்டன் ஹால், பூன் ஹால் என்று பல பழந்தோட்டங்கள் உண்டு. ஒன்றுக்கு மட்டும் நேரம் என்றால் ஜேம்ஸ் தீவிலுள்ள மெக்லியட் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஊரிலிருந்து காரில் கால் மணி நேரம்கூட ஆகாது. இங்கே விளைந்தது கடல்தீவுப் பருத்தி. வழிகாட்டிகள் முதலாளிகளின் மேசை நாற்காலியைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்துவதில்லை. உழைத்தவர்களின் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். ஓக் மர வரிசைக்குக் கீழே நிற்கும் மரக் குடில்களில் 1990 வரை மக்கள் குடியிருந்தார்கள்.

தோட்டக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு மிடில்டன் பிளேஸ். 1741-ல் அமைக்கத் தொடங்கிய படிக்கட்டுப் புல்வெளிகளும் வண்ணத்துப்பூச்சி வடிவக் குளங்களும் அழகு மிக்கவை. அந்தக் குளங்களை மண்வெட்டியால் தோண்டியவர்கள் யார் என்பதை இந்நேரம் நீங்கள் அறிந்திருப்பீர்கள். குளக்கரைகளில் முதலைகள் வெயில் காயும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கொசுவும், கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகளும் மாலையில் அதிகம்.

பிற்பகலில் சல்லிவன் தீவு. 1776 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் குண்டுகளை, பால்மெட்டோ மரத்தடிகளால் கட்டிய கோட்டை தாங்கி நின்றது. அந்த மரம் நார்நாராக மென்மையானது. குண்டு பட்டால் பிளக்காமல் உள்வாங்கிக்கொண்டது. தென் கரோலினாவின் கொடியில் பால்மெட்டோ இருப்பதற்கு அதுவே காரணம். இன்று அங்கே இருப்பது பின்னர் செங்கல்லால் கட்டிய மோல்ட்ரி கோட்டை. ஊருக்குள் கொண்டுபோகும் முன், நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆப்பிரிக்கர்களை அடைத்து வைத்ததும் இதே தீவில்தான். அவர்கள் நினைவாக, நீரைப் பார்த்தபடி ஒரு கறுப்பு இருக்கை 2008-ல் வைக்கப்பட்டது. கோட்டை வளாகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல ஊர். இறாலும் கிரிட்ஸும் கட்டாயம்: மக்காச்சோளக் குருணையை வெண்ணெயும் பாலும் விட்டுக் குழைய வேகவைத்து, மேலே இறால் குழம்பு. பெண் நண்டின் சினை சேர்த்த கெட்டிச் சூப்பும் இந்த ஊருக்கே உரியது. குளிர் மாதங்களில் சிப்பியை நெருப்பில் சுட்டுத் தருவார்கள்.

சைவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இங்கே கீரை என்றாலும் பன்றி எலும்புடன் வேகும். காராமணியும் அரிசியும் சேர்ந்த ஹாப்பின் ஜானில் பேக்கன் இருக்கும், தக்காளியில் வெந்த சிவப்புச் சோற்றில் தொத்திறைச்சி இருக்கும். ‘வெஜிடேரியனா’ என்று கேட்டால் இறைச்சித் துண்டு இல்லை என்ற அளவில் ‘ஆமாம்’ என்பார்கள். போர்க், பேக்கன், சிக்கன் ஸ்டாக் மூன்றில் எதுவும் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிரிட்ஸைத் தண்ணீரிலோ பாலிலோ மட்டும் வேகவைத்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வழியில் ‘பாயில்டு பீனட்ஸ்’ பலகை கண்டால் வண்டியை நிறுத்துங்கள்; தோலோடு உப்புநீரில் வேகவைத்த நிலக்கடலை, சூடாக. மேசையில் பரிமாறும் உணவகங்களில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம்.

ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்த எள்ளில் செய்யும் மெல்லிய பென்னே பிஸ்கட்டுகளைச் சந்தையில் டப்பாவில் விற்கிறார்கள். முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால், ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கொடுக்கும் முன் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

சில கூடுதல் குறிப்புகள்

குதிரை வண்டி வேண்டுமா? முதியவர்கள் உடன் இருந்தால் நல்லதே. எந்த வண்டி எந்தப் பகுதிக்குப் போகும் என்பதை நகராட்சியின் குலுக்கல் முடிவு செய்கிறது. ரெயின்போ ரோ வழியாகப் போகும் என்று உறுதி கிடையாது. பழைய சிறைச்சாலையில் நடக்கும் பேய்க்கதை உலாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனிதர்கள் வதைபட்ட இடத்தில் பொழுதுபோக்குக்காகப் பயப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ராவனெல் பாலத்தில் நடக்க மவுண்ட் பிளசன்ட் பக்கம், பாலத்தின் அடியிலுள்ள நதிக்கரைப் பூங்காவில் காரை நிறுத்திவிட்டு ஏறுங்கள். 2005-ல் திறந்த இந்தக் கம்பிவடப் பாலம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிப்பாதை உண்டு, கட்டணம் இல்லை. மேலே காற்று பலமாக அடிக்கும். பாதி வரை போய்த் திரும்பினாலும் துறைமுகம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

சந்தையில் கூடை வாங்கவில்லை என்றால், புறப்படும் நாளில் மவுண்ட் பிளசன்ட் வழியாகச் செல்லும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் மரச் சாவடிகளைப் பாருங்கள். செய்தவரிடமே நேரே வாங்கலாம். சில சாவடிகளில் அட்டை செல்லாது. கையில் ரொக்கம் வைத்திருங்கள். மாலை விமானம் என்றால், நான்கு மணிக்கு மேல் ஊரிலிருந்து வெளியேறும் 26-ஆம் எண் நெடுஞ்சாலை நெரிசலாகிவிடும். வாடகைக் காரைத் திருப்பித் தரும் நேரத்தையும் சேர்த்து, இரண்டரை மணிக்கே கிளம்பிவிடுங்கள்.